ஆயிரம் பேரா, ஆயிரம் வேரா?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்ற பழமொழி வகுப்பில் வரும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். நான் வழக்கம்போலத் திருத்துவேன். அது பேர் அல்ல, வேர். ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கி, இடித்து, அறிந்தவர்தான் அரை வைத்தியராகவாவது ஆக முடியும். வாய்வழி வந்ததில் வேர் பேராகிவிட்டது என்று பலரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். சொன்னதும் வகுப்புக்கு ஒரு நிம்மதி வரும். வைத்தியர் கற்றுக்கொள்ள யாரும் சாக வேண்டியதில்லை, செடிகள் போதும் என்ற நிம்மதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பூலாம்பாடியில் இருக்கும் என் அத்தையின் தலைக்குள் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்தத் திருத்தத்தை என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பூலாம்பாடி பச்சைமலை அடிவாரத்து ஊர். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம். பல வீடுகளில் யாராவது ஒருவர் மலேசியாவில் இருப்பார். ஊரில் இருப்பவர்களுக்கு மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அத்தை அறுபதைத் தாண்டியவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, வெங்காயத் தாள் அறுத்தும் பட்டறை போட்டும் மகனை ஆளாக்கியவர். இடது காதில் ஓயாமல் இரைச்சல் என்று அவர் சொன்னதை இரண்டு வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினோம். கைபேசியை வலது காதில் மட்டுமே வைத்துப் பேசினார். வரப்பில் நடக்கும்போது தள்ளாடினார். வயதாகிவிட்டது என்றோம். ஒரு பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதை நம்புவதற்கு நம் வீடுகளுக்கு எப்போதும் ஒரு ஸ்கேன் தேவைப்படுகிறது. ஸ்கேன் சொன்னபோது நம்பினோம். காது நரம்பை ஒட்டிய கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ந்தால் மூளைத்தண்டை அழுத்தும்.

மண்டையைத் திறக்காமலே சிகிச்சை செய்யலாம் என்றார்கள். கதிர் அறுவை. அத்தை கேட்ட முதல் கேள்வி, "மொட்டை அடிப்பாங்களா?" இல்லை என்றதும் பாதி பயம் போய்விட்டது. கணவர் இறந்தபோது பூவையும் பொட்டையும் எடுத்துக்கொண்ட ஊர் அவரிடம் விட்டுவைத்தது அந்த முடியை மட்டும்தான்.

கதிர் அறுவை என்ற கருத்தை 1951இல் பெயரிட்டு முன்வைத்தவர் ஸ்வீடனின் நரம்பு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்ஸெல். காமா நைஃப் என்ற அவருடைய கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. பெயரில்தான் கத்தி. கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து ஏறக்குறைய இருநூறு மெல்லிய கதிர்கள் தலையைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து உள்ளே போகின்றன. ஒவ்வொரு கதிரும் தனித்தனியே பலவீனமானது, கடந்துபோகும் மூளைக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. எல்லாம் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் கதிரின் அளவு மிகுந்து, கட்டியின் உயிரணுக்கள் பெருகும் ஆற்றலை இழக்கின்றன. புள்ளி பிசகக் கூடாது. அதற்காகத் தலையில் ஓர் உலோகச் சட்டத்தை நான்கு திருகாணிகளால் எலும்போடு பொருத்துவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றியில் இரண்டு, பின்னந்தலையில் இரண்டு. அதோடு எம்.ஆர்.ஐ. எடுத்து, கணினித் திரையில் ஒவ்வொரு படத்துண்டிலும் கட்டியின் ஓரத்தைக் கோடு வரைந்து குறிப்பார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது கட்டி. வெளியே, சில மில்லிமீட்டர் தள்ளி, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு, மூளைத்தண்டு.

அந்தக் கோட்டை யார் வரைகிறார்கள்?

இந்தியாவில் நரம்பு அறுவை மருத்துவராக, எம்.எஸ். முடித்தவர்கள் மூன்று ஆண்டுகளும், எம்.பி.பி.எஸ். முடித்து நேரடியாகச் சேர்பவர்கள் ஆறு ஆண்டுகளும் எம்.சிஎச். படிக்க வேண்டும். மண்டையைத் திறப்பது, ரத்தக் கசிவை நிறுத்துவது, முதுகெலும்பு, விபத்துக் காயம் என்று கற்க வேண்டியவை மலைபோலக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் கதிர் அறுவையும். சட்டம் பொருத்துவது, கோடு வரைவது, மருத்துவ இயற்பியலாளரோடு உட்கார்ந்து கதிரின் அளவைத் திட்டமிடுவது. டெல்லி எய்ம்ஸுக்கு காமா நைஃப் வந்தது 1997இல். கருவி இருக்கும் இடத்தில் படிப்பவர்கள் கருவியைக் கற்கிறார்கள். மற்றவர்களுக்கு அது புத்தகத்தில் ஓர் அத்தியாயம். ஆகவே கருவி இருக்கும் மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் என் அத்தையின் தலையருகே நின்றதில் வியப்பொன்றும் இல்லை. அவர் பயிற்சி மருத்துவர் என்று எங்களுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

இளம் பெண். இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். ஒப்புதல் படிவத்தை அத்தையின் மகனிடம் நீட்டினார்கள். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அத்தைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அவர் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் நீட்டவில்லை. முனைவர் பட்டம் வாங்கி, பெண் எழுத்தைப் பாடம் நடத்தும் நானும் அந்தக் கணத்தில் வாய் திறக்கவில்லை. பதற்றம் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாலையில் சட்டத்தைக் கழற்றினார்கள். இரவு படுக்கையில் அத்தை விரலால் தலையைத் தடவித் தடவி எண்ணினார். "நாலுன்னுதானே சொன்னாங்க? ஆறு இருக்கே புள்ள." விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நெற்றியில் இரண்டுக்குப் பதில் நான்கு துளிக் காயங்கள்.

மறுநாள் காலை நடைபாதையில் அந்த மருத்துவரைப் பிடித்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் போட்டது மேடம். ஃபிரேம் ஒரு பக்கம் சாஞ்சிருச்சு. கட்டி ஓரத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு. சார் முன்னாடி ரெண்டையும் எடுத்துட்டு மறுபடி போடச் சொன்னார். எனக்கு இது மூணாவது." சொல்லும்போது குரல் கம்மியது. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வகுப்பின் முதல் வாரம் நினைவுக்கு வந்தது. ஒரு செய்யுளுக்குத் தவறாகப் பொருள் சொல்லி, இரண்டு வாரம் கழித்துத்தான் அது தவறு என்று எனக்கே தெரிந்தது. செய்யுளுக்கு நெற்றி இல்லை. மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன், முடிந்தது.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி இதுதான். கற்றுக்கொள்ளும் கை தவறு செய்யாமல் கற்க முடியாது. யாரோ ஒருவர் உடலில் அது முதல் முறையாகப் பட்டுத்தான் தீர வேண்டும். நாளைக்கு என் மாணவி ஒருத்தி விபத்தில் அடிபட்டால் அவளைக் காப்பாற்றப்போகும் தேர்ந்த கை, இன்று யார் மீதோ தடுமாறிய கைதான். அப்படியானால் அந்த யாரோ யார்? எந்த உரிமையில் அது அவராகிறது?

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து செய்பவர். எத்தனையோ முறை நடத்திய குறள். அந்த நால்வரில் கற்றுக்கொண்டிருப்பவர் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. மருத்துவம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது கற்பவரை மறைத்துவிடுகிறது. மறைக்கப்பட்டவருக்கு யாரும் ஒப்புதல் கேட்க முடியாது.

மருத்துவம் எவர் உடலில் கற்றது என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள் மீது திரும்பத் திரும்ப அறுவை செய்து, பிரசவத்தில் உண்டாகும் சிறுநீர்ப்பைக் கிழிசலைத் தைக்கக் கற்றுக்கொண்டார். அவர்களில் மூவர் பெயர்தான் நமக்குத் தெரியும். அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்காவுக்கு ஏறக்குறைய முப்பது முறை, மயக்க மருந்து இல்லாமல். அவரை மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அழைத்து நியூயார்க்கில் வைத்திருந்த சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். பழங்கதை என்று தள்ள முடியாது. மயக்கத்தில் கிடக்கும் பெண்களிடம் கேட்காமலே மருத்துவ மாணவர்கள் இடுப்புக்குழிப் பரிசோதனை கற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்ததால்தான், அதற்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று 2024இல் அமெரிக்க அரசு மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் சட்டம் பேசியிருக்கிறது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற தாயின் சம்மதத்தை வாங்கி எடுத்துவிட்டார் மருத்துவர். அவரும் பெண்தான். சுயமாக முடிவெடுக்கக் கூடிய வயதுவந்த ஒருவருக்குப் பதிலாக அவர் தாய் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். தாயின் சம்மதமே செல்லாது என்றால், இரண்டடி தூரத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அத்தைக்குப் பதிலாக மகன் போட்ட கையெழுத்து எந்தக் கணக்கில் சேரும்?

இந்த இடத்தில் டி.எஸ். கனகாவைப் பேசாமல் கடக்க முடியாது. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்று அறியப்படுபவர். 1932இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1968 மார்ச்சில் எம்.சிஎச். பெற்றார். காமா நைஃப் வந்த அதே ஆண்டு. 1950இல் பி. ராமமூர்த்தி தொடங்கிவைத்த சென்னை அரசு பொது மருத்துவமனையின் நரம்பு அறுவைத் துறையில், தலையில் சட்டம் பொருத்தி, கணக்கிட்ட புள்ளியை ஊசிமுனையால் எட்டும் அறுவை முறையில் தேர்ந்தவர். கதிர் அறுவைக்குத் தாய் அந்த முறைதான். அறுவை அரங்கில் பெண்ணுக்கு இடமில்லை என்று நினைத்த காலத்தில் அவர் கை கற்றுக்கொண்டது. என் அத்தையின் தலையருகே நின்ற அந்தப் பெண் நிற்க முடிந்தது, கனகா முன்பு நின்றதால்.

இத்தோடு நிறுத்தினால் அது வாழ்த்துரை. கனகாவும் அவருடைய சகாக்களும் 1970 முதல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில், கட்டுக்கடங்காத, தாக்கும் நடத்தை கொண்டவர்களின் மூளையில் அமிக்டலா, ஹைப்போதலாமஸ் ஆகிய பகுதிகளில் சிறு புண் உண்டாக்கி அமைதிப்படுத்திய சிகிச்சைகள் பதிவாகியுள்ளன. அவர்களில் சிறுவர்களும் உண்டு. அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அது சென்னையின் தனி விசித்திரம் அல்ல. ஜப்பானிலும் பிற நாடுகளிலும் அப்போது செய்தார்கள், வேறு வழியற்ற குடும்பங்கள் கைகூப்பிக் கேட்டிருக்கவும் கூடும். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்கான மூளை அறுவையை அந்த நபரின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் செய்ய முடியாது. கத்தி பெண்ணின் கைக்கு வருவது நீதியின் ஒரு பாதி. அந்தக் கத்தியின் கீழே இருப்பவருக்குக் குரல் இருப்பது இன்னொரு பாதி. முதல் பாதியைக் கொண்டாடும் அவசரத்தில் நாம் இரண்டாவதை மறக்கிறோம். முன்னோடிப் பெண்களைக் குறையற்றவர்களாக்கிப் பீடத்தில் ஏற்றுவது அவர்களிடமிருந்து கற்காமல் தப்பிக்கும் வழி.

கதிர் அறுவைக்கு வருகிறேன். கற்பதைப் பொறுத்தவரை அது விநோதமான துறை. ஒரு வகையில் அது என் பழமொழித் திருத்தத்தை உண்மையாக்குகிறது. பழைய நோயாளிகளின் படங்களைத் திரையில் போட்டு, பயிற்சி மருத்துவர் ஆயிரம் முறை கோடு வரையலாம், தவறாகத் திட்டமிடலாம், அழிக்கலாம். ஆசிரியர் தன் கோட்டை மேலே வைத்து எங்கே பிசகியது என்று காட்டலாம். யாருக்கும் ரத்தம் வராது. மெய்யாகவே ஆயிரம் வேர். நிஜ நோயாளிக்கான திட்டத்தையும், கதிர் பாயும் முன் மூத்தவர் பார்த்துத் திருத்த முடியும். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கற்பதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு வகையில் அது ஆபத்தானது. கத்தியால் அறுத்தவர் தன் தவறை உடனே பார்க்கிறார். ரத்தம் சொல்லிவிடும். கதிரின் தவறு பேசாது. காது நரம்புக் கட்டி முதல் வருடம் வீங்கிக்கூடத் தெரியலாம், அது கேடா குணமா என்று சொல்லப் பொறுத்திருக்க வேண்டும். மூளையின் ரத்தக்குழாய்ப் பின்னல் மூடிக்கொள்ளவே இரண்டு மூன்று வருடம் ஆகும். முகம் மரத்துப்போவது, கேள்வி போவது எல்லாம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். மூன்று வருடப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் ஒருவர் வரைந்த கோட்டின் விளைவு தெரியும்போது, அவர் பட்டம் வாங்கி வேறு ஊருக்குப் போயிருப்பார். கை கற்றது, கண் பார்க்கவில்லை. தன் செயலின் முடிவைப் பார்க்காமல் தேர்ந்தவராகிவிடுவது ஒருவரை என்னவாக்கும்? திரையில் கோடு மட்டும் தெரிகிறது. அதற்குப் பின்னால் வெங்காயம் அறுத்த கை தெரிவதில்லை.

நடைபாதையில் என்னிடம் பேசிய பிறகு அந்த மருத்துவர் தானாகவே அத்தையின் படுக்கைக்கு வந்தார். நின்றுகொண்டே சொன்னார். "அம்மா, நான் இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நெத்தியில ரெண்டு தடவ குத்துனது என் தப்பு." அத்தை அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கத்துக்காம எப்படி வரும் பாப்பா? தாள் அறுக்கறதுக்கே எம் மாமியா எங் கையப் புடிச்சுக் காட்டுனா. மொத நாளு வெங்காயத்தைவிட வெரலத்தான் அதிகமா அறுத்தேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

இந்தப் பதிலைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். அந்தப் பாராட்டுதான் எனக்கு உறுத்துகிறது. கொடுப்பது பெண்களின் இயல்பு என்று சொல்லிச் சொல்லியே அவர்களிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அத்தையின் பதிலில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தியாகக் கதை ஆகிவிடும். அவர் சொன்னது அதுவல்ல. தன் உடல் ஒருவருக்குப் பள்ளிக்கூடமாவதை அவர் மறுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவைத் தானே திறக்க வேண்டும் என்றார். மாமியார் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தபோது அறுபட்டது கற்றவரின் விரல். இங்கே அறுபடுவது வேறொருவர் நெற்றி. அந்த வேறுபாடு அத்தைக்குத் தெரிந்திருந்தது.

சொன்னால் எல்லோரும் மறுத்துவிடுவார்கள், பிறகு மருத்துவர்கள் எங்கே கற்பார்கள் என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். சிலர் மறுப்பார்கள்தான். மறுக்க முடியாதபடி வைத்திருப்பதால் கிடைக்கும் சம்மதத்தைவிட அந்த மறுப்பு நேர்மையானது. அதைவிட முக்கியம், மறுக்கும் உரிமை இப்போதும் இருக்கிறது, காசு உள்ளவர்களுக்கு மட்டும். அவர்கள் பெரிய டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிச் செய்துகொள்கிறார்கள். ஆகவே கற்பதன் சுமை முழுவதும் கேட்கத் தெரியாதவர்கள் மீதும், கேட்க விடப்படாதவர்கள் மீதும் விழுகிறது. அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள் என்பதில் எனக்குப் பெருமை. அவர்கள் யார் மீது கற்பார்கள்? எங்கள் பக்கத்து அத்தைகள் மீதுதான். அது வெட்கப்பட வேண்டியதல்ல. மறைத்துச் செய்தால்தான் வெட்கம். மூத்தவர் பக்கத்தில் இருப்பார், இவர் படிக்கிறார், செய்யலாமா என்று நோயாளியிடமே, அவர் மொழியில், ஒரு நிமிடம் கேட்பதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

அண்மையில் மூன்றாம் வருட ஸ்கேன் முடிந்தது. காத்திருந்தபோது அத்தை கேட்டார், "அந்தப் புள்ள எங்க?" படிப்பு முடிந்து போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. "எனக்கு என்னாச்சுன்னு அவளுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார் அத்தை. இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்றேன். "அப்புறம் எப்படி அவ கத்துக்குவா?"

இப்போது வகுப்பில் அந்தப் பழமொழியின் இரண்டு பாடங்களையும் கரும்பலகையில் எழுதுகிறேன். எது சரி என்று சொல்வதில்லை. பேர் என்று எழுதிய இடத்தில் அந்தப் பேர்களிடம் யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்கச் சொல்கிறேன்.

அந்த மருத்துவர் இதை எங்காவது படிக்க நேர்ந்தால், அத்தை சொல்லச் சொன்னது இது: கட்டி வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. இடது காது முழுவதும் போய்விட்டது. முகம் நன்றாக இருக்கிறது. நெற்றியில் இருந்த நான்கு தழும்புகளில் இரண்டு மறைந்துவிட்டன.